டீசல் எஞ்சினுக்குக் கடிவாளம் போட்ட கதை

முன்னுரை

லாரி ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார், லாரி வேகம் எடுக்கிறது. இதில் வியக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது! ஒரு காலத்தில் அந்த மிதிகட்டையிலிருந்து எஞ்சினின் டீசல் பம்ப் வரை ஓர் இரும்புக் கம்பி சென்றது. கால் அழுத்தினால் கம்பி இழுக்கும், கம்பி இழுத்தால் டீசல் பாயும். இன்றைய வண்டிகளில் அந்தக் கம்பி கிடையாது. கால் அழுத்துவது வெறும் விண்ணப்பம்தான். "இவ்வளவு இழுவை வேண்டும்" என்று ஓட்டுநர் கேட்கிறார். முழுதாகக் கொடுப்பதா, குறைத்துக் கொடுப்பதா, கொடுக்காமலே விடுவதா என்று முடிவு செய்வது ஈ.சி.யு எனப்படும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி.

அந்த இழுவைக்குப் பொறியியலில் டார்க் என்று பெயர். தமிழில் முறுக்குவிசை. நீளமான ஸ்பேனரைப் பிடித்து இறுகிய நட்டைத் திருகும்போது கை கொடுக்கும் திருகல் பலம் இருக்கிறதே, அதுதான் முறுக்குவிசை. நியூட்டன் மீட்டர் என்ற அலகில் இதை அளப்பார்கள். டீசல் எஞ்சின் பெயர் வாங்கியதே இதனால்தான். குறைந்த சுழற்சியிலேயே பெரும் பாரத்தை இழுக்கும். ஆனால் அதே முறுக்குவிசை அளவு மீறினால் கரும்புகை கிளம்பும், கிளட்ச் வழுக்கும், கியர்பாக்ஸ் உடையும். ஆகவே டீசல் எஞ்சினோடு கூடவே அதற்குக் கடிவாளம் போடும் வேலையும் பிறந்தது. அந்தக் கடிவாளம் இரும்பிலிருந்து மென்பொருளாக மாறிய வரலாறும், மாறிய பின் அதை யார் கண்காணிப்பது என்ற கேள்வியும்தான் இக்கட்டுரையின் பொருள்.

காற்றுக்குத் தடையில்லை

ருடால்ஃப் டீசல் 1892-ல் ஜெர்மனியில் தமது எஞ்சினுக்குக் காப்புரிமை கோரினார். ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் பல தோல்விகளுக்குப் பிறகு 1897 பிப்ரவரியில் அந்த எஞ்சினைப் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்துப் பார்த்தார். எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்துக்கும் மேல் வேலையாக மாறியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் இதன் அருகில்கூட வரவில்லை.

இந்த எஞ்சினுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழியில் திராட்டில் என்ற ஒரு கதவு இருக்கும். கதவைச் சற்றே திறந்தால் குறைந்த காற்று, குறைந்த பலம். முழுக்கத் திறந்தால் முழுப் பலம். டீசல் எஞ்சினுக்கு அடிப்படையில் அப்படி ஒரு கதவு தேவையில்லை. காற்று தாராளமாக உள்ளே போகும். பிஸ்டன் அதை அழுத்திச் சூடாக்கும். அந்தச் சூட்டில் எவ்வளவு டீசல் தெளிக்கப்படுகிறதோ அவ்வளவு பலம் கிடைக்கும். ஆக, டீசலின் அளவைப் பிடித்தவன் முறுக்குவிசையைப் பிடித்தவன்!

இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. பாரம் இல்லாமல் ஓடும் எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் டீசல் கிடைத்தால் அது வேகமாகச் சுழலும். தடுக்க ஆள் இல்லையென்றால் வேகம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் உதிரிபாகங்கள் தாங்காமல் எஞ்சின் உடைந்து சிதறும். டர்போவின் சீல் பழுதாகி எஞ்சின் ஆயில் காற்றுக்குழாயில் கசிந்தாலும் இதே கதைதான். எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு ஓடும், சாவியைத் திருகினாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். டீசல் எஞ்சினைக் கட்டுப்படுத்துவது வசதிக்காக மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்புக்காகவும்தான் என்பது இதிலிருந்து விளங்கும்.

இரும்புக் குண்டுகளின் காலம்

முதல் கடிவாளம் நீராவிக் காலத்திலிருந்து கடன் வாங்கியது. ஜேம்ஸ் வாட் 1788-ல் தமது நீராவி எஞ்சினில் பொருத்திய கவர்னர்தான் அது. சுழலும் தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்கும. எஞ்சின் வேகமெடுத்தால் குண்டுகள் வெளிப்பக்கமாக விரியும். அந்த விரிவு ஒரு நெம்புகோலை அசைத்து நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் உள்ளே வரும், நீராவி கூடும். மூளை இல்லாத ஒரு கருவி தன் எஞ்சினைத் தானே கட்டுப்படுத்திய அழகு இது.

டீசல் எஞ்சினை வண்டிகளில் ஏற்றியபோது இதே கருவி பம்புக்குள் குடிபுகுந்தது. ராபர்ட் பாஷ் 1922-ல் டீசல் பம்ப் உருவாக்கும் வேலையைத் தொடங்கினார். 1927-ல் அவரது நிறுவனம் பம்புகளைத் தொடர் உற்பத்தியில் இறக்கியது. 1936-ல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற டீசல் கார் வெளிவர இந்தப் பம்பும் ஒரு காரணம். இந்தியாவில் 1951-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் இதே வகைப் பம்புகளைச் செய்தது. நம் ஊர் மெக்கானிக்குகள் வாயில் "மைக்கோ பம்ப்" என்றே அது நிலைத்துவிட்டது.

அந்தப் பம்புக்குள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சிறிய பிளஞ்சர் மேலும் கீழும் போய்வரும். அதன் உடம்பில் சாய்வாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். ரேக் என்ற பல்சட்டம் பிளஞ்சரைச் சற்றுத் திருப்பினால் பள்ளம் இடம் மாறும், ஒரு தடவைக்குப் போகும் டீசலின் அளவும் மாறும். ஓட்டுநரின் காலும் கவர்னரின் குண்டுகளும் அந்த ரேக்கைத்தான் அசைத்தன. எஞ்சின் சும்மா ஓடும்போது அணைந்துவிடாமல் பார்ப்பதும், உச்ச வேகத்தைத் தாண்டாமல் டீசலை வெட்டுவதும் கவர்னரின் வேலை.

ஆனால் வேகத்தைக் கட்டினால் மட்டும் போதுமா? போதாது. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். அதற்கு மேல் டீசல் ஊற்றினால் எரியாத கரி புகையாக வெளியேறும். ஆகவே ரேக் ஓர் எல்லைக்கு மேல் நகராதபடி ஒரு திருகு வைத்தார்கள். முழுப் பாரத் திருகு என்று சொல்லலாம். பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, அளவு பார்த்து, அந்தத் திருகை நிறுத்தி, கம்பி கோத்து ஈய முத்திரை குத்திவிடுவார்கள். அந்தக் காலத்து முறுக்குவிசை வரம்பு என்பது இந்தத் திருகுதான்!

டர்போ வந்தபோது இன்னொரு தொல்லை சேர்ந்தது. டர்போ சுழன்று காற்றைத் திணிக்கச் சிறிது நேரமாகும். ஓட்டுநர் சட்டென மிதித்தால் டீசல் முன்னால் வந்துவிடும், காற்று பின்தங்கிவிடும், கரும்புகை எழும். இதற்காகப் பம்பின் மேல் ஒரு ரப்பர் சவ்வு வைத்தார்கள். டர்போவின் காற்றழுத்தம் அந்தச் சவ்வைத் தள்ளினால்தான் ரேக் மேலும் நகரும். மலைப்பாதைகளில் காற்று மெலிவதை ஈடுகட்டவும் இதைப் போன்ற கருவிகள் வந்தன. பம்பின் மேல் கருவிக்கு மேல் கருவியாக ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு புதிய தேவைக்கும் ஒரு ஸ்பிரிங், ஒரு நெம்புகோல், ஒரு சவ்வு! இரும்பால் இதற்கு மேல் சிந்திக்க முடியாது என்ற நிலை வந்தது.

கம்பி அறுந்தது

1970களில் இரண்டு நெருக்கடிகள் சேர்ந்து வந்தன. ஒன்று 1973-ன் எண்ணெய் விலையேற்றம். மற்றொன்று காற்று மாசுக்கு எதிரான சட்டங்கள். ஒவ்வொரு துளி டீசலையும் எண்ணிச் செலவழிக்க வேண்டிய கட்டாயம் எழுந்தது.

அமெரிக்காவில் டெட்ராய்ட் டீசல் 1985-ல் கனரக எஞ்சின்களுக்கு மின்னணுக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. 1987-ல் அதன் சீரிஸ் 60 எஞ்சினில் மின்னணுக் கட்டுப்பாடு கூடுதல் வசதியாக அல்லாமல் எஞ்சினின் உறுப்பாகவே வந்தது. ஜெர்மனியில் பாஷ் 1986-ல் மின்னணு டீசல் கட்டுப்பாட்டை அறிமுகம் செய்தது. 1989-ல் வெளிவந்த ஆடி 100 டி.டி.ஐ கார், டீசலை நேரடியாகச் சிலிண்டரில் தெளிக்கும் முறையையும் டர்போவையும் மின்னணுக் கட்டுப்பாட்டையும் ஒன்றாகச் சேர்த்து 120 குதிரைத்திறன் கொடுத்தது. டீசல் கார் என்றாலே மந்தம் என்ற பேச்சு அதோடு மாறத் தொடங்கியது.

இந்த அமைப்பில் ஆக்ஸிலேட்டரின் அடியில் ஒரு சென்சார் மட்டுமே இருந்தது. கால் எவ்வளவு இறங்கியது என்பதை அது மின்னழுத்தமாகச் சொல்லும். கணினி தன் நினைவில் இருக்கும் அட்டவணைகளைப் பார்த்து டீசல் அளவை முடிவு செய்யும். பம்புக்குள் இருக்கும் ஒரு மின்காந்தம் அந்த அளவுக்குக் கட்டுப்பாட்டு வளையத்தை நகர்த்தும். இரும்புக் குண்டுகள், ரப்பர் சவ்வு, ஈய முத்திரையிட்ட திருகு எல்லாம் போய், அவற்றின் இடத்தில் எண்கள் வந்து உட்கார்ந்தன.

1990களின் பிற்பகுதியில் காமன் ரெயில் வந்து மாற்றத்தை முழுமையாக்கியது. 1995-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் லாரிகளுக்கு இதைக் கொண்டுவந்தது. ஃபியட் குழுமத்தில் உருவாகி பாஷ் நிறுவனத்தால் உற்பத்திக்குத் தயாரான அமைப்பு 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வந்தது. அதில் உயர் அழுத்தக் குழாய் ஒன்றில் 1,350 பார் வரை அழுத்தத்தில் டீசல் எப்போதும் தயாராக நிற்கும். இன்ஜெக்டரைக் கணினியே திறந்து மூடும். எவ்வளவு அழுத்தம், எத்தனை மைக்ரோ விநாடி திறப்பு என்பதே டீசலின் அளவு. டீசலுக்கும் கணினிக்கும் நடுவே இருந்த கடைசி இயந்திரத் தரகரும் விலகிவிட்டார் எனலாம்.

எல்லோருக்கும் ஒரே மொழி

தொடக்கத்தில் கணினி டீசல் அளவில்தான் சிந்தித்தது. இத்தனை சதவீதம் மிதித்தால் இத்தனை மில்லிகிராம் டீசல் என்பது கணக்கு. ஆனால் இதற்குள் வண்டியில் வேறு கணினிகளும் சேர்ந்துவிட்டன. சக்கரம் வழுக்கினால் பலத்தைக் குறைக்கச் சொல்லும் அமைப்பு 1980களின் பிற்பகுதியில் வந்தது. வண்டி நிலைதடுமாறாமல் காக்கும் ஈ.எஸ்.பி 1995-ல் வந்தது. தானியங்கி கியர்பாக்ஸ் கியர் மாற்றும் கணத்தில் மட்டும் பலத்தைக் குறைக்கச் சொல்லும். ஏ.சி கம்ப்ரஸர் ஓடத் தொடங்கினால் கொஞ்சம் கூட்டச் சொல்லும்.

இவர்கள் எல்லோரும் பேசிக்கொள்ள ஒரு கம்பித்தடம் வேண்டும். 1986-ல் பாஷ் வெளியிட்ட கேன் என்ற தகவல் தொடர்பு முறை அதைக் கொடுத்தது. பேச ஒரு பொது மொழியும் வேண்டும். பிரேக் கணினிக்கு டீசல் மில்லிகிராம் பற்றி என்ன தெரியும்? எல்லோருக்கும் புரியும் ஒரே மொழி முறுக்குவிசைதான். ஆகவே 2000களின் தொடக்கத்தில் வந்த பாஷின் ஈ.டி.சி 16 போன்ற கணினிகள் முறுக்குவிசையையே மையமாக வைத்துக் கட்டப்பட்டன. ஓட்டுநரின் கால் முதல் ஏ.சி வரை எல்லாக் கோரிக்கையும் நியூட்டன் மீட்டரில் வரும். கணினி அவற்றைச் சேர்த்துக் கழித்து ஒரு முடிவுக்கு வரும். எஞ்சினின் உள் உராய்வுக்கும் ஆல்டர்னேட்டர் முதலியவற்றுக்கும் வேண்டியதைக் கூட்டும். கடைசியாகத்தான் அது டீசல் அளவாகவும் இன்ஜெக்டர் திறப்பு நேரமாகவும் மாறும்.

குறைந்த எண்ணே வெல்லும்

வரம்பு போடும் வேலை எப்படி நடக்கிறது? ஓர் எளிய உதாரணம் பார்க்கலாம். ஓட்டுநர் மிதித்த மிதியின் மதிப்பு 320 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சுழற்சி வேகத்தில் எஞ்சின் பாகங்கள் தாங்கும் அளவு 340. அப்போது போட்டிருக்கும் கியரில் கியர்பாக்ஸ் தாங்குவது 300. உள்ளே வந்த காற்றை வைத்துப் பார்த்தால் புகையில்லாமல் எரிக்கக்கூடிய டீசலுக்குக் கிடைப்பது 260. கணினி இவற்றில் மிகக் குறைந்த எண்ணை எடுக்கும். ஓட்டுநருக்குக் கிடைப்பது 260 மட்டுமே. அடுத்த அரை விநாடியில் டர்போ வேகம் பிடித்துக் காற்று கூடினால் அந்த எண்ணும் ஏறும். பழைய ரப்பர் சவ்வு செய்த அதே வேலை, எண்கணிதமாக!

காற்றின் அளவை உள்ளிழுப்புக் குழாயில் இருக்கும் சூடான மெல்லிய தகடு ஒன்று சொல்கிறது. ஓடும் காற்று அந்தத் தகட்டைக் குளிர்விக்கும் அளவை வைத்துக் காற்றின் எடையைக் கணக்கிடுவார்கள். குளிர்நீர் கொதிநிலையை நெருங்கினாலும், டர்போவுக்குள் போகும் புகை அளவுக்கு மேல் சூடானாலும், டீசல் அழுத்தம் சொன்னபடி நிற்காவிட்டாலும் வரம்பு கீழே இறங்கும். முக்கியமான சென்சார் ஒன்று பழுதானால் வண்டி வீடு போய்ச் சேர மட்டும் போதுமான பலத்தைக் கணினி கொடுக்கும். லிம்ப் மோட் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். நொண்டியபடி நடப்பது என்று பொருள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொதுவாகச் சாலையில் ஓடும் வண்டி எஞ்சினில் முறுக்குவிசையை நேராக அளக்கும் சென்சார் கிடையாது! எவ்வளவு டீசல் தெளித்தோம், எந்த நேரத்தில் தெளித்தோம், என்ன வேகத்தில் சுழல்கிறது என்பதை வைத்துக் கணினி முறுக்குவிசையைக் கணக்கிட்டுக்கொள்கிறது. தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் அளந்து நிரப்பிய அட்டவணைகள்தான் அதற்கு ஆதாரம். அட்டவணை பொய் சொன்னால் கணினியும் பொய்யையே நம்பும். பிற்காலத்தில் டியூனிங் கடைகள் செய்தது இதைத்தான். லேப்டாப்பை இணைத்து அட்டவணையின் எண்களை மாற்றினால் வரம்பு உயர்ந்துவிடும். ஈய முத்திரையை அறுத்தால் அறுபட்ட கம்பி சாட்சி சொல்லும். மாற்றிய எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க எந்த மெக்கானிக்கின் கண்ணாலும் முடியாது.

காவலுக்குக் காவல்

கம்பி அறுந்த பிறகு பொறியாளர்களுக்குத் தூக்கம் கெடுத்த கேள்வி ஒன்று உண்டு. கணினியே தவறு செய்தால் என்ன ஆவது? கால் எடுத்த பிறகும் அது டீசலைத் தெளித்துக்கொண்டே இருந்தால்? நெரிசலான தெருவில் அது கொலைக்குச் சமம்.

இதற்கு ஜெர்மன் கார் நிறுவனங்கள் கூடி ஒரு பொது ஏற்பாடு செய்தன. ஈ-கேஸ் கண்காணிப்பு முறை என்று அதற்குப் பெயர். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பொதுவானது. அதில் மூன்று அடுக்குகள்.

முதல் அடுக்கு எஞ்சினை ஓட்டும் மென்பொருள். மேலே பார்த்த கணக்கு எல்லாம் அதன் வேலை. மிதிகட்டையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒன்று காட்டும் மின்னழுத்தத்தில் பாதியை மற்றது காட்டும்படி அமைப்பது வழக்கம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கணினி காலை நம்பாது.

இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கைச் சந்தேகிப்பதற்கென்றே எழுதப்பட்ட தனி மென்பொருள். இந்த நிலையில் அதிகபட்சம் எவ்வளவு முறுக்குவிசை அனுமதிக்கலாம் என்று அது தனியாகக் கணக்குப் போடும். இன்ஜெக்டர்கள் உண்மையில் எவ்வளவு நேரம் திறந்தன என்பதைத் திரும்பப் படித்து, உண்மையில் கொடுக்கப்பட்ட முறுக்குவிசையையும் கணக்கிடும். கொடுத்தது அனுமதித்ததைத் தாண்டினால் குறுக்கிடும். டீசலில் இன்னொரு சோதனையும் உண்டு. ஓட்டுநர் காலை எடுத்துவிட்டு வண்டி தன் ஓட்டத்திலேயே உருளும்போது டீசல் சுழியமாக இருக்க வேண்டும். அப்போதும் இன்ஜெக்டர் திறந்தால் ஏதோ கோளாறு என்று பொருள்.

மூன்றாம் அடுக்கு தனியாக நிற்கும் ஒரு சிறு சில்லு. அது வாத்தியாரைப் போல. முதன்மைக் கணினியிடம் ஓயாமல் கேள்வி கேட்கும். குறித்த நேரத்துக்குள் சரியான விடை வர வேண்டும். தவறான விடை, தாமதமான விடை, ஏன் அவசரப்பட்டு முன்கூட்டியே வந்த விடைகூட ஏற்கப்படாது. தவறுகள் தொடர்ந்தால் இன்ஜெக்டர்களுக்குப் போகும் மின்சாரத்தையே அது வெட்டிவிடும். எஞ்சின் அடங்கும்.

வேலியே பயிரை மேய்ந்தது

மூன்று அடுக்குக் காவலும் தேடியது ஒன்றைத்தான்: கேட்காத முறுக்குவிசை. ஆனால் கணினியின் கையில் முறுக்குவிசை மட்டுமா இருந்தது? டீசலைத் தெளிக்கும் நேரம், எரிந்த புகையில் எவ்வளவைத் திரும்ப உள்ளே விடுவது என்பனவும் அதன் கையில்தான். இவற்றை மாற்றினால் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு கூடும் அல்லது குறையும். கூடவே மைலேஜும் மாறும்.

1998 அக்டோபரில் அமெரிக்க அரசு கனரக டீசல் எஞ்சின் செய்யும் ஏழு நிறுவனங்களோடு ஓர் உடன்பாட்டை அறிவித்தது. அவற்றின் கணினிகள் நெடுஞ்சாலையில் சீராக ஓடும் நிலையை அறிந்து, டீசல் மிச்சமாகும்படி தெளிப்பு நேரத்தை மாற்றி, நச்சு வாயுவைப் பெருக விட்டன என்பது குற்றச்சாட்டு. அபராதம் மட்டும் 8.34 கோடி டாலர்.

அதிலிருந்து பாடம் கற்றிருக்கலாம். கற்கவில்லை. 2014-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டீசல் கார்களில் அளவுக் கருவிகளை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டிச் சோதித்த முடிவுகள் வெளிவந்தன. அக்குழுவில் அரவிந்த் திருவேங்கடமும் ஒருவர். சோதித்த மூன்று வண்டிகளில் இரண்டு ஃபோக்ஸ்வாகன் கார்கள் அனுமதித்ததைவிடப் பல மடங்கு நச்சு வாயுவைக் கக்கின. சோதனைக்கூடத்திலோ அவை சமர்த்தாக நடந்துகொண்டன. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை காரணத்தை வெளியிட்டது. ஸ்டியரிங் திரும்பும் விதம், வண்டியின் வேகம், எஞ்சின் ஓடிய நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றை வைத்து, "இப்போது நடப்பது சோதனை" என்று கணினி கண்டுகொண்டது. அப்போது மட்டும் சட்டத்துக்கு அடங்கி ஓடியது. சாலையில் அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை நச்சு வாயு வெளியானது. உலகம் முழுதும் சுமார் 1.1 கோடி வண்டிகளில் இந்த மென்பொருள் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூன்று அடுக்குக் காவலின் கண்ணுக்கு அந்த வண்டிகளில் எந்தக் கோளாறும் இல்லை. ஓட்டுநர் கேட்ட முறுக்குவிசை கிடைத்தது, கேட்காதது கிடைக்கவில்லை. கோளாறு சில்லில் இல்லை, அதற்குக் கட்டளை எழுதியவர்களின் எண்ணத்தில் இருந்தது. தன்னை எழுதியவர் சொன்ன பொய்யைப் பிடிக்கும் அடுக்கு எதுவும் கணினிக்குள் கிடையாது.

தண்டனையாக ஒரு வரம்பு

இதே காலத்தில் முறுக்குவிசை வரம்பு இன்னொரு வேடமும் பூண்டது. லாரிப் புகையிலிருக்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியாக் கரைசல் தெளிக்கும் முறை ஐரோப்பாவில் பரவியது. இதில் ஒரு சிக்கல். யூரியாத் தொட்டி காலியானாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, அதே இழுவையோடு ஓடும். கெடுவது ஊர்க்காற்றுதான். காசு மிச்சம் என்று சிலர் ஊற்றாமலே ஓட்டினால் யார் கேட்பது?

கணினியே கேட்கட்டும் என்று முடிவு செய்தார்கள். 2006 முதல் ஐரோப்பிய விதிகளின்படி நச்சு வாயு அளவு மீறினால் 16 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் முறுக்குவிசை 60 சதவீதமாகவும், சிறியவற்றில் 75 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. பின்னர் வந்த யூரோ 6 விதிகளில் முதலில் எச்சரிக்கை, அடுத்து முறுக்குவிசையில் கால் பங்கு வெட்டு, அதற்கும் மசியாவிட்டால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்று படிப்படியாக இறுக்கம் கூடியது. ஐரோப்பிய விதிகளை ஒட்டிய பி.எஸ் 6 இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

காற்றைக் காக்க இது நல்ல வழிதான். ஆனால் யூரியாத் தொட்டி நிறைந்திருந்தும் அதன் சென்சார் பழுதானால் என்ன செய்வது? நடுக்காட்டில் பாரத்தோடு நிற்கும் லாரிக்காரருக்கும், அறுவடை நாளில் முடங்கிய டிராக்டர்காரருக்கும் அந்தத் தண்டனை நியாயமாகப் படுமா? அமெரிக்காவில் ஓட்டுநர்களும் உழவர்களும் நெடுநாள் முறையிட்டனர். 2025 ஆகஸ்டில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்தத் திடீர் முடக்கத்தைத் தளர்த்தி மென்பொருளைத் திருத்தும்படி நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. காற்றைச் சுவாசிப்பவரின் நலன் ஒருபுறம், வண்டியை நம்பிப் பிழைப்பவரின் நலன் மறுபுறம். தராசின் முள்ளாக நிற்பது ஒரு சிறு அட்டவணை!

முடிவுரை

இரும்புக் குண்டுகள் எஞ்சின் சிதறாமல் காத்தன. ஈய முத்திரைத் திருகு கரும்புகையைத் தடுத்தது. கணினியின் அட்டவணை கியர்பாக்ஸைக் காத்தது. மூன்று அடுக்குக் காவல் தெருவில் நடப்பவரைக் காத்தது. ஒவ்வொரு வரம்பும் அந்தந்தக் காலத்து மனிதர்கள் எதற்கு அஞ்சினார்களோ அதன் பதிவாகவே இருக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. திருகு எங்கே இருக்கிறது என்று எந்த மெக்கானிக்கும் காட்ட முடியும். மென்பொருளின் உள்ளே இருப்பதை எழுதியவர் மட்டுமே அறிவார். ஆகவேதான் 2015-க்குப் பிறகு சோதனைக்கூடத்தை மட்டும் நம்பும் வழக்கம் தளர்ந்தது. ஐரோப்பாவில் 2017 முதலும் இந்தியாவில் 2023 முதலும் கார்களைச் சாலையிலேயே ஓட்டிப் புகையை அளக்கும் விதிகள் வந்தன. கணினிக்குள் மூன்று அடுக்குக் காவல் இருக்கிறது. நான்காவது அடுக்கு வெளியே, சாலையில், தயாரித்தவருக்குக் கட்டுப்படாத ஒருவர் கையில் இருக்க வேண்டும். எஞ்சினுக்குக் கடிவாளம் போட மனிதனுக்கு நூறு ஆண்டுகள் ஆயின. கடிவாளத்தைப் பிடித்த கைக்கும் ஒரு கடிவாளம் வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் அவன் கற்றுக்கொண்டான்.